முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு

ரோடு பைக் என்றதும் உங்களில் பாதிப்பேர் புகை விடுகிற வண்டியைத்தான் நினைத்திருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது சைக்கிள்தான், பிள்ளைகளே. கைப்பிடி ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழ்ப்பக்கம் வளைந்திருக்கும். டயர் ஒல்லியாக, என் கட்டைவிரலை விடக் கொஞ்சம்தான் அகலமாக இருக்கும். கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டுகூடக் கிடையாது. எங்கள் கம்பெனி டிசைன் பிரிவு இன்ஜினியர் ஒருவர் வேலை மாறிப் புனே போகும்போது தன்னுடைய ரோடு பைக்கை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்தபோது யாரோ பாதிச் சாமானைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் தெற்குப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வேலைக்கு வந்து, அசெம்பிளி லைனில் நின்று, இந்த ஊரிலேயே குடும்பமாகிவிட்டேன். இன்னமும் "அங்கிட்டு, இங்கிட்டு" என்றுதான் பேசுவேன். அதைக் கேட்டு என் பிள்ளைகளே சிரிப்பார்கள். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. என் மனைவி கெலமங்கலத்துக்காரி. வண்டிகளுக்கு வயரிங் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கதையில் வருகிற வீட்டாட்கள் இவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் போவார்கள். பெரும்பாலும் ஆபீஸ் ஆட்கள். ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். எனக்குச் சர்க்கரை எட்டிப்பார்க்க ஆரம்பித்த நேரம் அது. "வண்டிதான் வந்தாச்சே, நீங்களும் வாங்க" என்று அவர் கூப்பிட்டார். ஆனால் டயர் இரண்டும் பக்கவாட்டில் வெடித்து, வறண்ட ஏரி மாதிரி கோடு கோடாக இருந்தன. புது டயர் போட்டால்தான் ரோட்டில் ஏற்ற முடியும்.

கறுப்பு டயர் இரண்டு வாங்கினால் வேலை முடிந்தது என்று இருந்தேன். என் மகள் விடவில்லை. வண்டியின் உடம்பு சாம்பல் நிறம், ஒரு கோடோ ஒரு பூவோ கிடையாது. மகள் இடுப்பில் கை வைத்து அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, உங்க கம்பெனி டிரில்லிங் மெஷினுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குது" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இந்தச் சைக்கிளுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கலர் டயர்கள் வருகின்றன என்பதை அவள்தான் போனில் காட்டினாள். அன்று சாயந்திரமே கலர் பேப்பர் வாங்கி, நாடா நாடாவாக வெட்டி, பழைய டயரின் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிப் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் வீட்டு ஹால் சின்னது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததும் டிவி பார்க்க வழியில்லாமல் போனது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நீலம் ஒட்டிப் பார்த்தோம். தண்ணீர் டிரம் ஞாபகம் வந்தது. வெள்ளை அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஓசூர் ரோட்டில் ஒரு மழைக்குத் தாங்காது. சமையல் மேடையிலிருந்து என் மனைவி, "பச்சை வைங்களேன், கண்ணுக்கு நல்லா இருக்கும்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் "ம்" என்றோம். பச்சைப் பேப்பரை எடுக்கக்கூட இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மகளுக்கு மஞ்சள். சாம்பலுக்கு மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும், தூரத்திலிருந்து லாரிக்காரர்கள் கண்ணிலும் படும் என்றாள். மகனுக்குச் சிவப்பு. காரணமெல்லாம் அவன் சொல்லவில்லை. சிவப்பு என்றால் சிவப்பு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் நிறத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. பச்சை ட்ரேயில் இருந்தால் நல்ல பீஸ். மஞ்சள் ட்ரே என்றால் இன்னும் முடிவாகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும். சிவப்பு ட்ரேயில் போட்டால் கழித்துக் கட்டியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக் கேட்டு என் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். அன்றைக்கு அதை வைத்தே சண்டை போட்டார்கள்.

"டேய், சிவப்பு ட்ரேன்னா கழிச்சுப் போட்ட பீஸ்டா. அப்பாவைக் கழிச்சு விடப் பாக்கறியா?" என்றாள் மகள்.

"மஞ்சள் மட்டும் என்னவாம்? தேறுமா தேறாதான்னு தெரியாத பீஸ். பத்தாவது ரிசல்ட் வர்ற வரைக்கும் நீ அந்த ட்ரேலதானே இருந்த" என்றான் மகன்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பாகப் போனது. மகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. என் மகனுக்கு எல்லாமே அக்காவிடமிருந்து இறங்கி வந்ததுதான். அவள் சைக்கிள், அவள் புத்தகப்பை, அவள் ஜியோமெட்ரி பாக்ஸ், அவள் ஸ்வெட்டர். அவனாக இது வேண்டும் என்று சொல்லி, அது அப்படியே வாங்கி வந்ததாக எனக்கு ஒரு சாமான்கூட ஞாபகம் வரவில்லை. சிவப்பு டயர் அவன் வண்டிக்குக்கூட இல்லை, என் வண்டிக்கு. இருந்தாலும் அவன் முகத்தில் அவ்வளவு ஆசை. மகளோ, கலர் டயர் என்ற பேச்சையே எடுத்தவள். அவளை விட்டுவிட முடியுமா? அதனால் நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். முன் சக்கரம் மஞ்சள், பின் சக்கரம் சிவப்பு. ஆளுக்கு ஒன்று.

மகள் எழுந்து வந்தாள். மூத்தவள் என்பதால் முன் சக்கரம் அவளுடையது என்பதில் அவளுக்குத் திருப்தி. மகன் கொஞ்ச நேரம் பெடலைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "செயின் பின்னாடி சக்கரத்துலதான் இருக்குது. வண்டியை ஓட்டறதே என்னோடதுதான்" என்றான். அவனுக்கும் திருப்தி. இவ்வளவு சுலபமாகச் சண்டையைத் தீர்த்துவிட்டோமே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையோ பெருமை.

மறுநாள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சந்தில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் போனில் வீட்டாரோடு தெலுங்கு, முன்னால் நின்ற ஆளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மூன்றும் பேசினார். முழுக்கக் கலர் ரப்பராக இருக்கிற டயரை மகன் கை காட்டினான். கடைக்காரர் தலையை ஆட்டி, அது மழையில் வழுக்கும், சீக்கிரம் தேயும் என்றார். நடுவில் கறுப்பும் இரண்டு பக்கமும் கலருமாக இருந்த வேறொன்றை எடுத்து வைத்து, "ரோட்டுல படறது கறுப்பா இருக்கட்டும். கண்ணுல படறது கலரா இருக்கட்டும்" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது.

மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்றதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முன்னால் எது என்று கேட்டார். மஞ்சள் என்றேன்.

"வீடு அத்திப்பள்ளிப் பக்கங்களா?"

"இல்லைங்க, ஓசூர்தான்" என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டே டயரை மாட்டிக் கொடுத்தார்.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து என் மனைவி வந்தாள். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தவள் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றாள். "எப்படி இருக்குது?" என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்குது, நல்லா இருக்குது. அத்திப்பள்ளிப் பக்கம் போனா உங்கப்பாவுக்குத் தனி மரியாதை கிடைக்கும்" என்றாள். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பெரிய பிள்ளைகள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கொடியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். லாரியில், ஆட்டோவில், டீக்கடைக் கூரையில். ஆனால் கொடி என்றால் துணி. மேலே ஆடும். டயர் கீழே சுற்றும். இரண்டையும் என் மூளை ஒன்றாக வைத்துப் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு. கிளம்பும்போது பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்தே உத்தரவு போட்டார்கள். யார் யார் டயரைப் பார்க்கிறார்கள், எந்த டயரை முதலில் பார்க்கிறார்கள் என்று கவனித்து வந்து சொல்ல வேண்டுமாம். வெளியே நல்ல பனி. ஓசூர்ப் பனியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டத்தில் எல்லோரும் எனக்கு முன்னால் பறந்தார்கள். நான் கடைசி. முதல் நாள் என்பதால் கடைசியில் யார் கண்ணிலும் படாமல் ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தேன்.

ஜூஜூவாடி தாண்டி, கர்நாடக எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்குள் நுழைந்தோம். எங்கள் ஆட்கள் ஆனேக்கல் ரோட்டில் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பப் போகிற நேரத்தில் ஒரு ஆட்டோ ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். கம்பம் நட்டு, தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, பெரிய பாத்திரத்திலிருந்து எதையோ தொன்னையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நோட்ரோ, டயர் நோட்ரோ!" என்று கத்தினார். பாருங்கடா, டயரைப் பாருங்கடா என்று அர்த்தம். எல்லோரும் திரும்பினார்கள். கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள்.

எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் போலிருக்கிறது என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய்தான் வந்துகொண்டிருந்தது.

அதற்குள் இரண்டு பேர் வந்து வண்டியைப் பிடித்துவிட்டார்கள். ஒருவர் என் கழுத்தில் துண்டு போட்டார். துண்டைக் குனிந்து பார்த்தேன். மஞ்சளும் சிவப்பும். அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தேன். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. பிறகு என் வண்டியைப் பார்த்தேன். முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு. அப்போதுதான் கடைக்காரரின் மீசைச் சிரிப்பும், என் மனைவி வாயைப் பொத்தியதும் ஒன்றாக என் ஞாபகத்துக்கு வந்தன.

கர்நாடகம் தனி மாநிலமான நாள் நவம்பர் முதல் தேதி. அந்த ஒரு நாள் மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்க ஊருக்கு ஊர், ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு கொடியேற்றிக் கொண்டாடுவார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் கன்னடக் கொடியின் நிறத்தில் இரண்டு சக்கரத்தை ஓட்டிக்கொண்டு நான் போய் நின்றிருக்கிறேன்.

"எல்லிந்த பந்த்ரி?" என்று ஒருவர் கேட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று. என்னுடைய கன்னடம் கம்பெனிக் கன்னடம். ஸ்பானர் கேட்கலாம், லீவு கேட்கலாம், அவ்வளவுதான். வாய் குழறியது. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. கழுத்தில் போட்ட துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணா, நான் ஓசூர். தமிழ். என் பிள்ளைங்க ஆளுக்கு ஒரு கலர் கேட்டாங்க, அதான் இப்படி ஆயிப்போச்சு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

துண்டு போட்ட மனிதர் என்னையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார். பிறகு சுத்தமான தமிழில் சொன்னார்.

"நீங்க தமிழாவே இருங்க சார். டயர் நம்ம ஆளு. வந்து சாப்பிடுங்க."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தொன்னை நிறைய கேசரிபாத்தும் உப்புமாவும் கொடுத்தார்கள். சர்க்கரைக்காகச் சைக்கிள் ஓட்ட வந்தவன் இரண்டாவது தடவையும் கேசரி வாங்கிக்கொண்டேன். இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம். டயர் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். கடையின் வழியைச் சொன்னேன். என் வண்டியோடு நின்று ஆளாளுக்கு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என்னைக் காணோம் என்று திரும்பி வந்த எங்கள் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், வாயில் கேசரியோடு அந்தக் கூட்டத்தின் நடுவில் நான் நிற்பதைத்தான் பார்த்தார். அவருக்கும் ஒரு தொன்னை கிடைத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். துண்டு அந்த வாரம் முழுக்க என் மகன் கழுத்திலேயே இருந்தது. கம்பெனியில் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமை லைனில் எல்லோரும் என்னிடம் கன்னடத்தில் மட்டும்தான் பேசினார்கள். எனக்குப் பக்கத்தில் நிற்கிற மதுரைக்காரன்கூட "ஊட்ட ஆய்த்தா?" என்று கேட்டான். சாப்பிட்டாயா என்று கேட்க அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும். அன்றைக்கு ஆறேழு தடவை கேட்டிருப்பான்.

இதுவரை எல்லாம் சிரிப்புதான். செவ்வாய்க்கிழமை ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறோம், அங்கே எல்லோரும் சேர்ந்து நின்று எடுக்கிற போட்டோ கம்பெனி நோட்டீஸ் போர்டில் வரும் என்றார். அவர் நல்ல மனிதர். மென்று விழுங்கிக்கொண்டே சொன்னார்: "ஏதாவது ஒரு டயரை மட்டும் கறுப்பா மாத்திடுங்களேன். எதுன்னாலும் சரி. தமிழ்நாட்டுப் பக்கம் போகும்போது வழியில யாராவது இது என்ன கொடின்னு கேட்டா, பதில் சொல்லிட்டே ஓட்டணும். நமக்கு எதுக்குங்க?"

எதுன்னாலும் சரி என்றார். அவருக்கு அது வெறும் டயர். எனக்கு ஒன்று மகள், இன்னொன்று மகன்.

வீட்டில் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் முகம் எதையும் ஒளிக்காது. மகள் கேட்டு வாங்கிவிட்டாள். கேட்டதும் இரண்டு பேரும், அடுத்தவருடைய டயரைத்தான் கழற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். முன் சக்கரம் தெரியாவிட்டால் அது போட்டோவே இல்லை என்றாள் மகள். துண்டு போட்டவர் தன் டயரைத்தான் தொட்டுப் பார்த்தார் என்றான் மகன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவன் அங்கே வரவே இல்லையே. சத்தம் ஏறிக்கொண்டே போய், திடீரென்று மகன் நிறுத்திவிட்டான். கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடித்தான்.

"என்னோடதையே எடுத்துடுங்கப்பா. எனக்குப் பழக்கம்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னான். என் மகள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போட்டிருந்தது அவளுடைய பழைய ஸ்வெட்டர். அதில் அவள் பெயரின் முதல் எழுத்து ஊதா நூலில் இன்னும் இருக்கிறது.

"ஒண்ணும் வேணாம். மஞ்சளை எடுங்கப்பா" என்றாள்.

"இல்ல, சிவப்பு."

"டேய், மஞ்சள்னு சொல்றேன்ல?"

பிறகு அதற்கும் சண்டை. தன் டயர்தான் கழற்றப்பட வேண்டும் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. எதைக் கழற்றினாலும் நான் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை முழு மனசோடு ஓட்ட முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு ஒரு வழி தோன்றியது. சக்கரத்தை இடம் மாற்றினால் என்ன? முன்னால் சிவப்பு, பின்னால் மஞ்சள். அப்போது கொடி இல்லையே. சக்கரத்தை மாற்ற முடியாது, பின் சக்கரத்தில் பல் சக்கரங்கள் இருக்கின்றன. அதனால் டயர்களை மட்டும் கழற்றி மாற்றி மாட்டினேன். விரல் நகம் இரண்டு போச்சு. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து பார்த்தாள்.

"ஏங்க, மொதல்ல கொடியா இருந்துச்சு. இப்பத் தலைகீழாப் பிடிச்ச கொடியா இருக்குது. இதோட அத்திப்பள்ளிப் பக்கம் போனீங்கன்னா, கேசரி கொடுத்தவரே வந்து கேள்வி கேப்பார்."

மறுபடி கழற்றி, பழையபடி மாட்டினேன். மூன்றாவது நகமும் போச்சு. நானும் பிள்ளைகளும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். பச்சைப் பேப்பர் அன்றைக்கு ஓரத்தில் வைத்தபடியே பிரிக்காமல் கிடந்தது. என் மனைவி அதைக் கையில் எடுத்தாள்.

"அன்னிக்கு ஒருத்தி பச்சைன்னு சொன்னா. காதுல வாங்கினீங்களா யாராவது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஆளுக்கு ஒரு கலர்னு தீர்ப்புச் சொன்னீங்களே, இந்த வீட்டுல எத்தனை ஆளு?"

டயர் இரண்டுதானே அம்மா, மூன்றாவதை எங்கே மாட்டுவது என்று மகன் கேட்டான். "சக்கரம் ரெண்டுதான். வண்டி ஒண்ணு இருக்குதில்ல?" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாடு போடப் போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவளே அந்தக் கடையில் இறங்கி, கைப்பிடியில் சுற்றுகிற டேப் வாங்கி வந்தாள். நல்ல பச்சை, மழை பெய்த மறுநாள் ராகி வயல் பச்சை. நான் சுற்ற உட்கார்ந்தேன். இரண்டு சுற்று சுற்றியதும், "தள்ளுங்க" என்று வாங்கிக்கொண்டாள். அவள் கம்பெனியில் வேலையே அதுதான். வயர்க் கட்டின் மேல் நாள் முழுக்க டேப் சுற்ற வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மூடி ஏற வேண்டும், எங்கேயும் சுருக்கம் விழக்கூடாது. ஆட்டுக்கடாக் கொம்பு அவள் கையில் வயர்க் கட்டு மாதிரி அடங்கியது. வளைவில் டேப்பை லேசாக இழுத்தாள், நேரான இடத்தில் தளர்த்தினாள். நாங்கள் மூன்று பேரும் டிவியை அணைத்துவிட்டு அதைத்தான் பார்த்தோம். முனையை மடித்துச் செருகிவிட்டு, வண்டியைத் தூக்கி நிறுத்தி, "இப்பச் சொல்லுங்க, இது எந்த ஊர்க் கொடி?" என்றாள்.

மேலே பச்சை, முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு. மகள் யோசித்துப் பார்த்தாள். எந்த இரண்டு நிறத்தைச் சேர்த்தாலும் நம் ஊரில் யாராவது அது தங்கள் கொடி என்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்? "சிக்னல்!" என்று கத்தினான் மகன். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் சிக்னல் என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வண்டியை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். "ஒண்ணை எடுக்கச் சொன்னா, ஒண்ணைச் சேத்துட்டு வந்திருக்கீங்களே" என்றார். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்து, "ஆனா நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அது போதும்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஓசூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. எல்லோரும் நின்றோம். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். இது என்ன கொடி என்று கேட்கப் போகிறார் என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, உங்க வண்டில பச்சை விழுந்துடுச்சு. அங்க இன்னும் சிவப்புதான். அவசரப்பட்டுப் போயிடாதீங்க" என்றார்.

ஆட்டோவுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் கூட்டமும் சிரித்தது. சூளகிரி வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேடு ஏறுவதற்கு அது நல்ல உதவி. அணையில் எடுத்த போட்டோவில் நான் ஓரத்தில்தான் நிற்கிறேன். ஆனால் நோட்டீஸ் போர்டைப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது என் வண்டியைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் மகள், யாராவது மஞ்சளைப் பார்த்தார்களா என்று கேட்டாள். மகன், சிவப்பைப் பார்த்தார்களா என்று கேட்டான். ஆட்டோக்காரர் சொன்னதைச் சொன்னேன். அதில் தன் டயரின் பெயரும் வந்திருக்கிறது என்று மகனுக்கு ஒரே குஷி. மஞ்சளைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையே என்று மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வண்டியைத் துடைத்தார்கள். அவள் முன் சக்கரத்தை மட்டும், அவன் பின் சக்கரத்தை மட்டும்.

கைப்பிடியை யாரும் துடைக்கவில்லை. என் மனைவி துணி காயப்போட வந்தவள் நின்று பார்த்தாள். என் கையில் ஒரு ஈரத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை நான் உடனே புரிந்துகொண்டேன்.